பதினேழாவது கழி: உடையார்கட்டுக்கு ஒரு நிறப் பயணம்

ஏறக்குறைய ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும்.

இந்த வலைப்பதிவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்த பிறகு கமெராவோடு வன்னிக்குப் போய்வர நினைப்பவர்கள். மீதிப்பேர் றோ கோப்புகளைப் பற்றி என்னோடு வாதாட வருகிறவர்கள். இரண்டு தரப்புக்கும் இதில் ஏதாவது இருக்கும். 2005 ஆடி மாதம் கொழும்பிலிருந்து உடையார்கட்டுக்குப் போய்வந்த பயணம் இது. ஏன் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல்தான் இவ்வளவு நாள் இருந்தேன்.

போன வருடத் தொடக்கத்தில், கொழும்பில் உள்ள ஒரு கைவினை விற்பனை நிலையத்துக்காக உடையார்கட்டு நெசவு நிலையத்தின் துணிகளைப் படமெடுத்துக் கொடுத்தேன். எட்டுத் தறி, பதினொரு பெண்கள். படங்கள் ஒரு படப்புத்தகமாக அச்சாகி வெளிநாட்டுக் கடைகளுக்குப் போயின. ஒரு கடைக்காரர் அதிலிருந்த கட்டில் விரிப்பு ஒன்று பிடித்துப்போய் நூற்றிருபது கேட்டார். பெண்கள் நான்கு மாதம் நெய்து அனுப்பினார்கள். அத்தனையும் திரும்பி வந்தன. காரணம் ஒரே வரி: படத்தில் உள்ள நிறம் இதுவல்ல.

விரிப்பு கத்தரிப்பூ நிறம். படப்புத்தகத்தில் அது வாடிய ரோசாப்பூ நிறமாக இருந்தது. விற்பனை நிலையம் பெண்களுக்குக் கடிதம் எழுதியது: உங்கள் சாயம் ஒரு தரத்தில் இல்லை. அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தத் துணியைக் கையால் தொட்டுக் கண்ணால் பார்த்தவன் நான். குற்றவாளி யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த விற்பனை நிலையத்தின் வடிவமைப்பாளர்தான். பத்தொன்பது வருடம் நான் வேலை செய்த கலர் ஸ்ரூடியோவில் எனக்குக் கீழே இருந்தவர். டிஜிட்டல் வந்ததும், பழைய கண்கள் இனித் தேவையில்லை என்று முதலாளியின் காதில் ஓதி என் கதிரையில் உட்கார்ந்து, பிறகு இந்த விற்பனை நிலையத்துக்கு மாறியவர். கறிக்குத் தூள் போடுவதுபோல் படத்துக்கு நிறம் போடுகிற கை அவருடையது. என் படங்களை அவர்தான் கெடுத்தார் என்று முடிவு கட்டினேன்.

கட்டிய முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிலையத்திலிருந்து அடுத்த வேலை வராது. பழி பெண்கள் தலையில் கிடந்தது. நான் பேசாமல் இருந்தேன்.

இந்த ஆனியில் வவுனியாவிலிருந்து நசார் நானா தொலைபேசியில் கூப்பிட்டார். நெசவு நிலையத்துக்கு நூலும் சாயத்தூளும் ஏற்றிக் கொடுப்பவர் அவர். ஆடி முடிவதற்குள் புதிய படங்களும் துணி மாதிரிகளும் போய்ச் சேர வேண்டுமாம். அவை இரண்டும் ஒத்துவந்தால் அந்தக் கடை மீண்டும் வாங்கும். இந்த முறையும் பிசகினால் விற்பனை நிலையம் உடையார்கட்டைக் கைவிட்டுவிடும். அதன் பிறகு எட்டுத் தறியும் நிற்கும். பெண்கள் திரும்பவும் மிளகாய்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

என் சொந்தச் செலவில் போவதென்று தீர்மானித்தேன். சரியான படங்களை எடுப்பது, பிறகு அந்த மனிதரின் கைவரிசையைப் பெயரோடு இங்கே எழுதுவது, இதுதான் திட்டம். உண்மையைச் சொன்னால் இந்தப் பதிவின் பாதியைப் புறப்படும் முன்பே எழுதிவிட்டேன். அந்தப் பாதியை இப்போது அழித்துவிட்டேன். ஏன் என்பது பயண ஒழுங்கில் வரும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 5.45 ரயில். இரண்டாம் வகுப்பு 220 ரூபாய். வவுனியாவுக்கு 11.20க்கு வந்து சேர்ந்தேன். நிலையத்துக்கு எதிர்த் தெருவில் 450 ரூபாய்க்கு ஓர் அறை. மின்விசிறி உண்டு, நம்பிக்கை வேண்டாம். பொதியைப் பிரித்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஆறு மெகாபிக்சல் கமெரா, 512 எம்.பி. நினைவட்டை இரண்டு, மடிக்கணினி, ஒரு சாம்பல் அட்டை. 512 எம்.பி.யில் எழுபது றோ படங்கள்தான் அடங்கும். ஆகவே ஒவ்வொன்றையும் யோசித்து எடுக்க வேண்டும். அதுவும் நல்லதுதான்.

சாம்பல் அட்டையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். றோ கோப்பு என்பது கமெராவின் உணரி கண்டதைச் சமைக்காமல் அப்படியே வைப்பது. ஜேபெக் என்பது சமைத்து இறக்கிய கறி. உப்புக் கூடினால் திரும்ப எடுக்க முடியாது. றோவில் எல்லாம் பச்சையாகவே இருப்பதால் வீட்டுக்கு வந்து ஆறுதலாகச் சமைக்கலாம். ஆனால் சமைக்கிறவன் கணினிக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தப் படத்தில் எந்தப் பொருளுக்கு நிறமே இல்லை என்று. அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டினால் மற்ற நிறங்கள் அதற்கு ஏற்ப நகரும். தவறான புள்ளியைத் தொட்டால் எல்லா நிறங்களும் சேர்ந்து, ஒன்றுகூட மிச்சமில்லாமல் தவறும். நிறமில்லாத பொருள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அட்டை. போன முறை இதை வவுனியா விடுதியில் மறந்துவிட்டுப் போனேன். தொழில் தெரிந்தவன் ஆகையால் சமாளித்தேன் என்று பெருமைப்பட்டும் கொண்டேன்.

மறுநாள் காலை 6.15க்கு நானாவின் சிறிய லொறியில் புறப்பட்டோம். நானாவுக்கு வயது அறுபதுக்குக் கிட்ட. சொந்த ஊர் முல்லைத்தீவுப் பக்கம் நீராவிப்பிட்டி. பதினைந்து வருடத்துக்கு முன் மற்ற முஸ்லிம்களோடு வெளியேற நேர்ந்து, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து, பாதை திறந்த பிறகு திரும்பி வந்து பழைய அத்திவாரத்தின் மேல் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றி நான் கேட்டதற்கு அவர் சொன்ன முழுப் பதில் இதுதான்: "கூரை மட்டும்தான் மிச்சம், தம்பி. சுவர் பொறுக்கும், மழை பொறுக்காது." என்னைப்போல் பழைய பகையைக் காவித் திரிகிற ஒருவன் அவரிடமிருந்து ஏதாவது கற்றிருக்க வேண்டும். அன்று கற்கவில்லை.

ஓமந்தை 14 கிலோமீற்றர். சோதனைச் சாவடியில் ஒரு மணி நாற்பது நிமிடம். கமெராவின் தொடர் இலக்கம், மடிக்கணினியின் தொடர் இலக்கம் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் அரை மணியாவது குறையும். என்னிடம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இளம் சிப்பாய் ஒருவருக்குச் சாம்பல் அட்டையில்தான் பிரச்சினை. முன்னும் பின்னும் திருப்பினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். எழுத்து இல்லை, படம் இல்லை. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நிறம் பார்ப்பதற்கு என்றேன். நிறமே இல்லாத அட்டையில் என்ன நிறம் பார்ப்பது என்றார். நியாயமான கேள்வி.

நானா என் கையைத் தட்டினார். "தம்பி, உண்மையைச் சொல்லி இந்த வெயில்ல நிக்க வைக்காதீங்க. விசிறி எண்டு சொல்லுங்க." பிறகு அவரே அதை வாங்கி முகத்துக்கு இரண்டு தரம் விசிறிக் காட்டினார். சிப்பாய் சிரித்துக்கொண்டு போகச் சொன்னார்.

சாவடியைத் தாண்டினால் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்ப வேண்டும். தெற்கில் புதிய நேரம், வன்னியில் பழைய நேரம். பஸ் நேரம் கேட்கும்போது எந்த நேரம் என்றும் கேளுங்கள். கமெராவின் கடிகாரத்தை மாற்ற மறந்தால் படங்களின் ஒழுங்கு குழம்பும்.

மாங்குளத்தில் ஏ9ஐ விட்டுக் கிழக்கே திரும்பினோம். தேநீரும் வடையும் இருவருக்கும் 46 ரூபாய். அங்கிருந்து ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு. வவுனியாவிலிருந்து லொறியின் மீற்றரில் மொத்தம் 103 கிலோமீற்றர். சாவடி நேரத்தையும் சேர்த்து ஏழு மணித்தியாலம். ஒட்டுசுட்டானுக்குப் பிறகு தார் வெறும் ஞாபகம்தான். சிவப்புக் கிரவல் மண். முன்னால் போகிற வாகனத்தின் புழுதி நம் வெள்ளைச் சட்டையைக் காவியாக்கிவிட்டுத்தான் அடங்கும். படமெடுக்க இறங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: கண்ணிவெடி உண்டு என்கிற மண்டையோட்டுப் பலகைகளைப் பார்த்தீர்களானால் தெருவோரப் புல்லில்கூடக் கால் வைக்காதீர்கள். அவசரத்துக்கு ஒதுங்குகிறவர்களுக்கும் இதே சொல்தான்.

வன்னியின் வெளிச்சத்தைப் போல் அழகானதும் பொல்லாததும் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வானம் கழுவி வைத்ததுபோல் இருக்கும். காடு தூரத்தில் நீலமாகவே நிற்கும். ஆனால் தரையிலிருந்து சிவப்பு எழும்பி எல்லாவற்றின் அடிப்பக்கத்திலும் ஒட்டும். மேலே எங்கு பார்த்தாலும் நீலத் தறப்பாள், பிளாஸ்ரிக் விரிப்பு. இடப்பெயர்வுக்கும் போன மார்கழிக் கடல்கோளுக்கும் பிறகு, பாதி ஊரின் கூரை அதுதான். அதற்குக் கீழே நிற்கிற முகங்கள் நோயாளியின் முகங்கள்போல் படத்தில் விழும். கமெராவைத் தானியங்கியில் விட்டால் அது குழம்பிப்போய் ஒரு படத்துக்கு ஒரு நிறம் காட்டும். இது எனக்குப் போன முறையே தெரியும். அதனால்தான் றோவில் எடுத்தேன்.

நெசவு நிலையம் தெருவிலிருந்து நூறு மீற்றர் உள்ளே. மண் சுவர், பாதிக் கூரை ஓலை, பாதி தறப்பாள். தறிச் சத்தம் தெருவுக்கே கேட்கும் என்று நினைத்திருந்தேன். மூன்று தறிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

நிலையத்தின் பொறுப்பாளர் தவமணி. நாற்பது வயதிருக்கும். சாயமிடுவதும் அவர்தான். விரல் நகங்கள் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும்.

"வாங்கோ அண்ணை," என்றார். "திரும்பவும் வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

முன்தறியில் இருந்த வசந்தி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "படக்காரர் எங்கட சாயத்தைப் பாக்க வந்திருக்கிறார் அக்கா. ஒரு தரத்திலை இருக்கோ எண்டு."

நானா நூல் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, ஐந்து மணிக்கு முன் நீராவிப்பிட்டிக்குப் போக வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார்.

தவமணி என்னைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். வடக்குச் சுவரோடு ஒரு கயிறு. கயிற்றில் நூல் கழிகள் வரிசையாகத் தொங்கின. பதினேழு. முதலாவது கத்தரிப்பூ. அடுத்தடுத்து ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, சிவந்து, சில பழுப்படித்து, கடைசிக் கழியில் வாடிய ரோசாப்பூவில் வந்து நின்றன. கயிற்றின் கடைசியில் பொலித்தீன் உறைக்குள் படப்புத்தகத்தின் ஒரு பக்கம் குத்தியிருந்தது. என் படம். கீழே எட்டுப் புள்ளிப் பொடி எழுத்தில் என் பெயர்.

"படத்திலை உள்ளது வேணும் எண்டு எழுதினவை," என்றார் தவமணி. "அதுதான் படத்தைப் பாத்துச் சாயம் போட்டனான். பதினாறு தரம் வரேல்லை. பதினேழாவது வந்திட்டுது."

கழியை எடுத்து அச்சுப் பக்கத்தின் மேல் வைத்தார். எங்கே காகிதம் முடிந்து எங்கே நூல் தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடம் அச்சு இயந்திரத்தின் நிற வடிகட்டிகளைத் தள்ளித் தள்ளி நிறம் ஒப்பிட்டவன் நான். இயந்திரமில்லாமல், ஓர் அண்டாவும் விறகும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய எனக்கு வராது.

ஏன் இந்தச் சுவரடி என்று கேட்டேன். தறப்பாளுக்குக் கீழே பார்த்தால் நீலம் ஒட்டும், மரத்துக்குக் கீழே பார்த்தால் பச்சை ஒட்டும், காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையில் இந்த வடக்குச் சுவர்தான் பொய் சொல்லாது என்றார். அதைச் சொல்வதற்கு நான் எத்தனை பதிவு எழுதியிருப்பேன்.

அவருடைய கொப்பியையும் காட்டினார். பக்கத்துக்கு ஒரு நிறம். இரண்டு துளையிட்டு நூல் துண்டு கட்டியிருக்கும். பக்கத்தில் சாயத்தூளின் நிறை, உப்பின் நிறை, கொதித்த நிமிடம், நிறத்தின் பெயர். பதினேழாவதின் பக்கத்தில் பெயர் மட்டும் எழுதப்படாமல் இருந்தது.

அப்போதுதான் அந்த வடிவமைப்பாளரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நான் கொடுத்த படம் சரி, அவர்தான் மாற்றினார் என்றேன். தறப்பாள் நீலத்தை நான் போன முறையே சரிசெய்துவிட்டேன், வெள்ளை வேட்டியைத் தொட்டுக் காட்டித்தான் எல்லா நிறத்தையும் நேராக்கினேன் என்று விளக்கினேன். என்னிடம் அட்டை இல்லாதபோதும் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பது தவமணிக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் கழியைக் கயிற்றில் திரும்பப் போட்டார்.

"எந்த வேட்டி அண்ணை?"

"நீங்கள் தந்தது. விரிப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோமே."

"கொடியிலை கிடந்ததோ? எங்கட அண்ணர் கோயிலுக்குக் கட்டிற வேட்டி?"

"ஓம்."

"ஆகலும் வெள்ளையானது தாங்கோ எண்டு கேட்டியள். அதுதான் அதைத் தந்தனான். அது வெள்ளையில்லை அண்ணை. நீலம் போட்டது. அம்மா மூண்டு தரம் முக்கி எடுப்பா."

வேட்டி தோய்த்துக் கடைசித் தண்ணீரில் நீலம் கரைத்து முக்கி எடுக்காத வீடு நம்மவரிடம் உண்டா? என் வீட்டிலும் அந்தப் போத்தல் இருக்கிறது. நீலம் கூடக் கூட வேட்டி வெள்ளையாகத் தெரியும். ஐம்பத்திரண்டு வருடமாக அதைப் பார்த்து வெள்ளை என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். நான் ஆக வெள்ளையானதைக் கேட்டேன். அவர் ஆக நீலமானதைத் தந்தார். அதை நிறமற்றது என்று கணினிக்குச் சொன்னவன் நான்.

அன்று பின்னேரமே பார்த்துவிடுவோம் என்றேன். அண்ணரின் வேட்டி வந்தது. வடக்குச் சுவரில் வேட்டியையும் சாம்பல் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம். மடிக்கணினியைத் திறந்து, தலைக்கு மேல் கறுப்புத் துணி போட்டு, அட்டையைத் தொட்டேன். அட்டை சாம்பலாக நின்றது. வேட்டியின் மேல் சுட்டியை வைத்தேன். சிவப்பு 214, பச்சை 221, நீலம் 239. நிறமில்லாத துணியில் இந்த மூன்றும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

பழைய றோ கோப்புகளும் அந்தக் கணினியிலேயே இருந்தன. போன வருடப் படத்தைத் திறந்து, இந்த இடைவெளி அளவுக்கு நீலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாடிய ரோசா மெல்ல நகர்ந்து கத்தரிப்பூவாகி நின்றது. கோப்பு எதையும் மறந்திருக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுத்தான் தவறியது. வடிவமைப்பாளர் அந்தப் படத்தில் கை வைத்திருக்கவேயில்லை. போன வருடம் விற்பனை நிலையத்தார் கேட்டபோதே, தந்தபடியே போட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை.

கறுப்புத் துணிக்குள் தவமணியும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பதினேழு கழிகளையும் ஒரு தரம் பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் அண்ணரின்ர வேட்டிக்குச் சாயம் போட்டிருக்கிறன்," என்றார். சிரிக்கவில்லை.

"பிழை என்னுடையது," என்றேன். "உங்கள் மேல் பழி வந்தபோது நான் பேசாமலும் இருந்தேன். அதுவும் என்னுடையதுதான்."

"ஓம்," என்றார். அவ்வளவுதான். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. சொல்லாததற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

வசந்திதான் தறியிலிருந்து சத்தம் போட்டாள்: "அக்கா, இனி அம்மாவை நீலத்தைக் குறைக்கச் சொல்லுங்கோ. அண்ணர் கோயிலுக்குப் போனா ஐயருக்கே கண் கூசுது."

அன்றிரவு தவமணியின் வீட்டில் தங்கினேன். சாப்பாடு தந்தார்கள், காசு வாங்கவில்லை. அண்ணர் வேறு வேட்டி கட்டியிருந்தார்.

மறுநாள் காலை பழைய நேரம் 8.40க்குத் தொடங்கினோம். கத்தரிப்பூ விரிப்பை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். தவமணி பதினேழாவது கழியில் நெய்த ஒரு முழத் துணியையும் கொண்டு வந்தார்.

"இது உங்கள் நிறமில்லையே," என்றேன். "என் பிழையால் வந்தது."

"பிழையோ சரியோ, இப்ப அது என்ர கொப்பியிலை கிடக்கு. நிறை கிடக்கு, நிமிசம் கிடக்கு. நாளைக்குப் போட்டாலும் இதுதான் வரும்." துணியை என் கையில் தந்தார். "உங்கட படம் அப்பிடி வருமோ?"

பத்திரிகைகள், போட்டிகள், கழகங்கள் என்று என்னை எடைபோட வந்த யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

துணி, அதன் நடுவில் சாம்பல் அட்டை, ஒரு படம். பிறகு அட்டையை எடுத்துவிட்டு இரண்டாவது படம். கணினியில் சரிசெய்து திரையையும் துணியையும் தவமணிக்குக் காட்டினேன். வேண்டாம் என்றார். "கீழைப் பக்கம் சிவப்பு ஏறிக் கிடக்கு." எனக்குத் தெரியவில்லை. எண்களைப் பார்த்தேன். உண்மை. துணியின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் சிவப்பில் ஐந்து வித்தியாசம். சுவரடி மண் சிவப்பு. அது வெளிச்சத்தைத் துணியின் கீழ்பாதியில் எறிகிறது, நடுவில் வைத்த அட்டைக்கு அது தெரியாது. வசந்தி கறுப்புத் துணியைத் தரையில் விரித்தாள். மூன்றாவது படத்துக்கும் தவமணி தலையசைக்கவில்லை. கறுப்புத் துணியை இன்னும் ஒரு முழம் முன்னுக்கு இழுத்தோம். நான்காவதில் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஓம். இது அதுதான்."

10.10க்கு முடிந்தது. இரண்டு நிறம், இருபத்தாறு படங்கள். மடிக்கணினியின் மின்கலம் இன்னும் பத்து நிமிடம் தாங்கியிருக்கும்.

திரும்பும்போது பஸ். உடையார்கட்டிலிருந்து விசுவமடு, பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு 38 ரூபாய், ஒரு மணி இருபது நிமிடம். கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கணினி நிலையத்தில் மின்சாரம் கிடைத்தது. படங்களை இரண்டு குறுந்தட்டில் பதிய 120 ரூபாய். அங்கிருந்து வவுனியாவுக்கு பஸ், 95 ரூபாய். அடுத்த நாள் ரயில். கொழும்பில் விற்பனை நிலையத்துக்கு நேரே போய், இரண்டு நிறத்துத் துணி மாதிரிகளையும் அவற்றின் படங்களையும் ஒரே உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். கூடவே ஒரு கடிதம், முழுப் பெயரோடும் கையெழுத்தோடும்: போன வருட நிறப்பிழை என்னுடையது, நெசவு நிலையத்தினுடையதோ உங்கள் வடிவமைப்பாளருடையதோ அல்ல. அதன் பிரதி ஒன்றை உடையார்கட்டுக்கும், ஒன்றை அந்த வடிவமைப்பாளருக்கும் அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. போடவும் வேண்டாம். என் கதிரை விடயத்தில் அவர்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது, அதை இதோடு கலக்கக் கூடாது என்பதால் தனியாக வைத்திருக்கிறேன்.

இதேபோல் துணி, மட்பாண்டம், நெல் என்று நிறம் முக்கியமான எதையாவது எடுக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவம் இதுதான். றோவில் எடுப்பது பாதி வேலை. எது நிறமற்றது என்று தெரிந்திருப்பது மீதி. வேட்டி, பள்ளிச் சீருடை, கோயில் சுவர், கடதாசி, எதையும் வெள்ளை என்று நம்பாதீர்கள். அட்டையை மறந்தால் படமெடுக்காமல் திரும்புங்கள். தறப்பாளுக்கு வெளியே, மரத்துக்கு வெளியே, வடக்குச் சுவரடியில் வைத்து எடுங்கள். தரை சிவப்பாக இருந்தால் மூடுங்கள். முக்கியமாக, அந்தப் பொருளைச் செய்தவர் பக்கத்தில் நிற்கும்போதே திரையைக் காட்டுங்கள். அவர் ஓம் என்றால்தான் அந்த நிறம் சரி. நான் போன முறை கோப்புகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தனியறையில் இருந்து சரிசெய்தேன். யாருடைய கண்ணும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆவணி கடைசியில் நானா கூப்பிட்டார். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. உடையார்கட்டில் புதிதாக வந்த தொலைபேசியிலிருந்து பேசினார். அந்தக் கடை மீண்டும் நூற்றிருபது விரிப்பு கேட்டிருக்கிறது. கத்தரிப்பூ அல்ல. பதினேழாவது. முதலில் படத்தில் பார்த்ததும், இப்போது கையில் வந்த மாதிரியும் ஒன்றாகவே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். அந்த நிறத்தின் பெயர் என்ன என்றும் கேட்டிருக்கிறார்கள். எட்டுத் தறியும் ஓடுகின்றன. திரும்பி வந்த கத்தரிப்பூ விரிப்புகளை நானா வவுனியாவில் திரைச்சீலை என்று சொல்லி விற்றுவிட்டார்.

"பேர் என்ன வைத்தார்கள்?" என்று கேட்டேன்.

"கொப்பியில எழுதியிருக்கு, பொறுங்க." தாள் புரளும் சத்தம். "படக்காரர் நிறம்."

"என் பெயரா?"

"உங்கட பேரு இங்க ஆருக்குத் தெரியும் தம்பி? படக்காரர் எண்டுதான் இருக்கு."

படப்புத்தகத்தில் என் பெயர் வர வேண்டும் என்று விற்பனை நிலையத்தோடு மூன்று வாரம் சண்டை பிடித்தவன் நான். வந்தது. ஒவ்வொரு பிழையான படத்தின் கீழும், எட்டுப் புள்ளி எழுத்தில் வந்தது. அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் தவமணியின் பெயர் இல்லை. அது இல்லை என்பது எனக்கு அன்று தோன்றக்கூட இல்லை.

என் பெயர் தெரிய வேண்டியவர்களுக்குக் கையெழுத்தோடு கடிதம் போய்விட்டது. இந்தப் பதிவின் கீழே என் பெயரைப் போடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். உடையார்கட்டில் ஒரு கொப்பியில், இரண்டு துளையிட்டுக் கட்டிய நூல் துண்டுக்குப் பக்கத்தில், என்னைப் பற்றி எழுத வேண்டியதை அந்தப் பெண்கள் எழுதிவிட்டார்கள். அங்கே என்ன இருக்கிறதோ அதற்கு மேல் இங்கேயும் வேண்டாம். பெயரில்லாமலே இதை ஏற்றுகிறேன்.